வொன்கொங் குருவின் ஸ்தூபியைக் கொதொன்சாவுக்குத் திருப்பி அனுப்புங்கள்: ஒரு திறந்த மடல்

கொரிய அரசின் மரபுச் சின்னங்களுக்குப் பொறுப்பானவர்களுக்கும், சியோல் அருங்காட்சியகத் தோட்டத்தில் நிற்கும் பழங்கற்கள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்களுக்கும்,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். வொன்ஜு நகரத்தின் தென்மேற்கு மூலையில், புரொன் வட்டாரத்தில், கொதொன்சா என்ற பழைய கோயில் இருந்த மேடு இருக்கிறது. கோயில் இப்போது இல்லை. அடித்தளக் கற்கள், ஒரு மூன்றடுக்குக் கல் கோபுரம், புத்தர் சிலை இருந்த பீடம், கல்மதிலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஆயிரம் வயது செல்கோவா மரம், அப்புறம் கொஞ்சம் தள்ளி ஒரு கல்வெட்டு. 1025ல் நாட்டியது. அதாவது 2025ல் அதற்கு ஆயிரம் வயது நிறைந்தது. அந்தக் கல்வெட்டு வொன்கொங் என்ற பௌத்தத் துறவியின் ஸ்தூபிக்காக எழுதப்பட்டது. அந்த ஸ்தூபியோ சியோலில், யொங்சான் பகுதியிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தின் வெளித் தோட்டத்தில் நிற்கிறது. கொதொன்சாவில் அது இருந்த இடத்தில் புதிதாகச் செதுக்கிய நகல் ஒன்றை வைத்திருக்கிறீர்கள்.

இதைப் பொறுத்துக்கொண்டு போக என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். வேலைக்காக இந்த ஊர்ப் பக்கம் வந்து தங்கிய தமிழன் நான். கோபம் வந்தால் எனக்குத் தமிழில்தான் ஒழுங்காக எழுத வரும், அதனால் முதலில் தமிழில் எழுதுகிறேன். கொரியப் படி உங்களுக்குத் தனியாக வரும். தமிழ் படிக்கிறவர்களும் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ளட்டுமே என்ற ஆசையும் உண்டு.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கொர்யோ காலத்தில் (பத்தாம் நூற்றாண்டிலிருந்து பதினான்காம் நூற்றாண்டுவரை கொரியாவை ஆண்ட அரசமரபு அது) ஒரு பெரிய துறவி மறைந்தால், மன்னர் அவருக்குப் பட்டப்பெயர் கொடுப்பார், அஸ்தியையோ புனித எச்சங்களையோ வைக்க ஒரு கல் ஸ்தூபி எழும்பும், அவருடைய வாழ்க்கையை எழுதிய ஒரு கல்வெட்டும் நிற்கும். இரண்டும் ஜோடி. ஸ்தூபியில் எழுத்து இருக்காது, கல்வெட்டில் ஆள் இருக்க மாட்டார். ஒன்று இல்லாமல் இன்னொன்றைப் பார்த்தால் யாருக்காக இவ்வளவு பாடுபட்டுச் செதுக்கினார்கள் என்றே தெரியாது.

கொதொன்சாவின் துறவி பெயர் ஜிஜொங். 930ல் பிறந்தவர். இளமையிலேயே கடல் கடந்து சீனத்தின் வூயுவே நாட்டுக்குப் போய், யொங்மிங் யான்ஷோ என்ற பேராசானிடம் தியானம் கற்று, தியான்தாய் என்ற பௌத்தப் பிரிவின் நூல்களையும் படித்து, 970ல் ஊர் திரும்பினார். ஹியொன்ஜொங் மன்னர் காலத்தில் ராஜகுருவானார். 1018ல், உடம்பு தளர்ந்த வயதில், தலைநகர் வேண்டாம் என்று கொதொன்சாவுக்கு வந்து சேர்ந்தார், அதே வருடம் அங்கேயே மறைந்தார். வொன்கொங் என்ற பெயரும் தேசகுரு என்ற பட்டமும் அதற்குப் பிறகு வந்தவை. கல்வெட்டின் வாசகத்தை எழுதியவர் சுவே சுங். கொர்யோவின் கன்ஃபூசியஸ் என்றே பின்னால் பேர் வாங்கிய அறிஞர். ஒரு பௌத்தத் துறவியின் வாழ்க்கையைக் கன்ஃபூசிய அறிஞர் ஒருவர் உட்கார்ந்து எழுதினார் பாருங்கள், அந்தக் காலத்து மனிதர்களைப் பற்றி எனக்குப் பிடித்த செய்தி இது. எழுத்துகளை எழுதிக்கொடுத்தவர் கிம் கொ-உங்.

தலைநகரை விட்டு விலகி மலையடிவாரத்துக்கு வந்து கண்ணை மூடிய ஒருவரின் ஸ்தூபியைத்தான் தலைநகரின் நடுவில் வைத்திருக்கிறோம்.

அந்தக் கல்வெட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கீழே ஆமை. உடம்புதான் ஆமை, தலை ஏதோ ஒரு பூதத்தின் தலை, பார்வையில் நல்ல கடுப்பு. காதுகள் மீன் துடுப்பு போல விரிந்திருக்கும். முதுகு ஓடு முழுக்க அறுகோணக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஸ்வஸ்திகமோ தாமரையோ புடைத்து நிற்கும். மேலே இருக்கும் தலைக்கல் பெரிது, நடுவிலுள்ள எழுத்துப் பலகை அதற்குச் சிறிது. அளவு சரியில்லையே என்று முதலில் தோன்றும், கொஞ்சம் பழகினால் அந்தக் கனமான தலைக்கல்லே அழகாகத் தெரியும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் அறுகோணங்களின் கோடுகளில் ஈரம் நின்று ஓடு முழுக்கத் தனித்தனியாகத் தெரியும்.

ஸ்தூபியையும் பார்த்திருக்கிறேன். எட்டுப் பட்டை, இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம். நடுக்கல்லின் முன்னும் பின்னும் கதவு செதுக்கி, கதவில் பூட்டும் செதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கம் ஜன்னல். மிச்சமிருக்கும் நான்கு முகங்களிலும் திசைக்காவலர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். கல்லில் பூட்டுச் செதுக்கி, சுற்றிக் காவலும் போட்டு, யாரும் தொடாமல் இருக்க வேண்டும் என்று அந்தச் சிற்பி நினைத்ததைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எப்படிப் போனது என்பது பதிவில் இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சியில் மலையடிவாரத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, சியோலில் வாதா என்ற ஜப்பானியரின் வீட்டில் அலங்காரப் பொருளாகக் கிடந்தது. விடுதலைக்குப் பிறகு, 1948ல், கியொங்பொக்குங் அரண்மனை வளாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அருங்காட்சியகம் யொங்சானுக்கு இடம் மாறியபோது இதுவும் கூடவே போனது. அந்நியர் வீட்டுத் தோட்டத்திலிருந்து மீட்டது நல்ல காரியம், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் மீட்டவர்கள் பாதி வழியில் இறக்கிவைத்துவிட்டார்கள். மீதி வழி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஆகுமா?

முடியாத காரியம் என்று நீங்கள் சொல்ல முடியாது, ஏனென்றால் இதைவிடக் கடினமான ஒன்றை இப்போதுதான் செய்து முடித்திருக்கிறீர்கள். கொதொன்சாவுக்குப் பக்கத்திலேயே, அதே புரொன் வட்டாரத்தில், பொப்ச்சொன்சா கோயில் தளம் இருக்கிறது. அங்கே இருந்த ஜிக்வாங் தேசகுருவின் ஸ்தூபி பட்ட பாடு கொஞ்சமில்லை. 1911ல் ஊரிலிருந்து பெயர்த்து சியோலுக்குக் கொண்டுபோனார்கள். 1912ல் கப்பலேறி ஒசாகாவுக்கே போய்த் திரும்பி வந்தது. பிறகு அரண்மனை வளாகத்தில் நின்றது. கொரியப் போரில் குண்டு விழுந்து ஏறக்குறைய 12,000 துண்டுகளாகச் சிதறியது. 1957ல் துண்டுகளைப் பொறுக்கிச் சிமெண்ட் பூசி ஒட்டினார்கள். அந்தச் சிமெண்டே பிறகு கல்லுக்கு எமனாக வந்தது. மற்ற கற்களெல்லாம் யொங்சானுக்குப் போனபோது இதை மட்டும் அசைக்கப் பயந்து அங்கேயே விட்டுவைத்தார்கள். 2016ல் முழுக்கப் பிரித்து, தேஜொன் நகரத்து ஆய்வகத்தில் வருடக்கணக்காகச் சிமெண்டைச் சுரண்டி எடுத்து, உடைந்த இடங்களுக்குப் புதுக்கல் செதுக்கிச் சேர்த்து, 2019ல் ஊருக்கே அனுப்புவது என்று முடிவெடுத்து, 2023ல் கற்களைக் கொண்டுவந்து, 2024ல் பொப்ச்சொன்சா கண்காட்சிக் கூடத்துக்குள் எழுப்பியும் விட்டீர்கள்.

அதைப் போய்ப் பார்த்தபோது உண்மையிலேயே உங்கள் மேல் மரியாதை வந்தது. கொர்யோ ஸ்தூபிகள் பெரும்பாலும் எட்டுப் பட்டையில் இருக்க, இது சதுரம். திரைச்சீலை, பூ, பறவை என்று கல்லில் ஓர் அங்குலம் விடாமல் வேலைப்பாடு. ஒட்டிய தழும்புகளை மறைக்காமல் விட்டிருப்பது இன்னும் பிடித்தது. வெளியே வந்து கொஞ்ச தூரம் மேடேறினால் 1085ல் நாட்டிய அவருடைய கல்வெட்டு, ஆயிரம் வருடத்தை நெருங்கும் வேளையிலும் அதே இடத்தில். ஆமையின் முதுகில் கட்டம் கட்டமாக 'அரசன்' என்ற எழுத்து, பக்கவாட்டில் மேகத்துக்குள் புரளும் டிராகன்கள், உச்சியில் சூரியனுக்குள் மூன்று கால் காகம். ஸ்தூபியைப் பார்த்த கையோடு கல்வெட்டையும் பார்க்க முடிகிறது. இந்த ஒரு வசதிக்கு 112 வருடம் காத்திருந்திருக்கிறது அந்த ஊர்.

ஸ்தூபி கூடத்துக்குள், கல்வெட்டு வெளியே என்று பிரித்தது சரியா என்று இன்னமும் சிலர் சண்டை போடுகிறார்கள். எனக்கும் பழைய இடத்திலேயே வைத்திருக்கலாம் என்ற ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் 12,000 துண்டாகி ஒட்டிய கல்லை மழையில் விட முடியாது என்று கல் நிபுணர்கள் சொன்னால் அதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, இப்போது வொன்கொங்குக்கு வருவோம். அவருடைய ஸ்தூபி சிதறவில்லை. பெருமளவு முழுசாக இருக்கிறது. ஊரில் கல்வெட்டு இருக்கிறது, ஸ்தூபி நின்ற இடம் எது என்பதும் தெரியும், நகல் வேறு அதைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சிதறிய ஒன்றை ஊர் சேர்த்தவர்கள் முழுசாக இருப்பதை ஏன் சேர்க்கவில்லை என்று ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். பெயர் எதற்கு, விடுங்கள். இப்போதிருக்கும் இடமே பாதுகாப்பானது, அதிகம் பேர் பார்க்கிறார்கள், இடமாற்றம் பற்றி இப்போதைக்கு யோசனை இல்லை என்று நாலு வரியில் பதில் வந்தது. அந்த நாலு வரிக்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாதுகாப்பு என்கிறீர்கள். ஸ்தூபி யொங்சானிலும் வெட்டவெளியில்தான் நிற்கிறது! மழை, பனி, வசந்த காலத்தில் வரும் மஞ்சள் தூசி, எல்லாம் அதன் மேலும் விழுகிறது. ஆற்றோரத்துப் பெருநகரத்தின் வாகனப் புகை கல்லுக்கு நல்லது, மலையடிவாரக் காற்று கெடுதல் என்று எந்தக் கல் நிபுணரும் சொல்லி நான் கேட்டதில்லை. கூடத்துக்குள் வைத்திருந்தால் இந்த வாதத்தைக் கொஞ்சம் யோசித்திருப்பேன். திருட்டுப் பயம் என்றால், ஆம், அது நிஜமான பயம்தான். கொதொன்சாவில் மாலையானால் ஆள் நடமாட்டம் இருக்காது. ஆனால் அதே இடத்தில்தான் கல்வெட்டும் மூன்றடுக்குக் கோபுரமும் நிற்கின்றன, அவையும் அரசின் பொக்கிஷப் பட்டியலில் இருப்பவைதானே? அவற்றுக்குப் போதுமான காவல் ஸ்தூபிக்கு மட்டும் போதாதா? போதாது என்றால் மூன்றுக்கும் சேர்த்துக் கேமரா வையுங்கள், ஆள் போடுங்கள்.

அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. யொங்சான் தோட்டத்தில் கூட்டம் உண்டு. நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். வந்தவர்கள் படம் எடுத்தார்கள், குழந்தைகள் சுற்றி ஓடினார்கள், இரண்டு பேர் பலகையைப் படித்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. தோட்டத்தில் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்த ஸ்தூபிகளும் கோபுரங்களும் அடுத்தடுத்து நிற்கும்போது ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று எப்படித் தெரியும்? அந்தத் துறவி யார், எங்கே படித்தார், ஏன் மலைக்குப் போனார் என்பதெல்லாம் எழுதியிருக்கும் கல் கையெட்டும் தூரத்தில் இல்லையே. சியோலுக்கு வருகிறவர்களுக்கு அங்கே பார்க்க ஆயிரம் பொருள் இருக்கிறது, கொதொன்சாவுக்கு இருந்தது ஒரே ஒரு ஸ்தூபி.

அந்த மேட்டுக்குக் கீழே இருக்கும் கிராமத்தில், மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் ஒருமுறை பேச்சுக் கொடுத்தேன். மேலே நிற்பது புதுசு என்று அவரே சொன்னார். அசல் எங்கே பாட்டி என்று கேட்டதற்கு, "எங்க வீட்டுப் பிள்ளைகள் மாதிரி அதுவும் சியோலுக்குப் போயிட்டது, இனி எங்கே வரப்போகுது" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டு சொன்னதால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பள்ளிக்கூடங்கள் மூடி, இளையவர்கள் போய், பேருந்தும் அபூர்வமாக வரும் வட்டாரம் அது. கார் இல்லாதவர் கொதொன்சாவுக்குப் போய் அதே நாளில் திரும்ப நினைத்தால் படும் பாட்டை நான் பட்டிருக்கிறேன்.

ஒன்றைக் கொடுத்தால் எல்லா ஊரும் கேட்கும் என்ற பயம் உங்களுக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்கட்டும். கேட்க வேண்டியவைதான் அவை. அதே வொன்ஜுவில் ஹுங்பொப்சா கோயில் தளத்துக்குப் போய்க் கல்வெட்டைப் பாருங்கள். 940ல் மறைந்த ஜின்கொங் என்ற துறவிக்காக, கொர்யோவை நிறுவிய தேஜோ மன்னர் தானே வாசகம் எழுதிய கல்வெட்டு அது. சீனத்தின் தாங் பேரரசர் தைசொங்கின் கையெழுத்திலிருந்து எழுத்து எழுத்தாகப் பொறுக்கிச் சேர்த்துச் செதுக்கியது. இன்று அங்கே ஆமை இருக்கிறது, டிராகன் தலைக்கல் இருக்கிறது, நடுவில் எழுத்துப் பலகை இல்லை. உடைந்த பலகை சியோலில் அருங்காட்சியகத்தில். ஆமையின் முதுகில் நேராகத் தலைக்கல்லை வைத்திருப்பதைப் பார்க்கிறவர் அதுதான் அதன் வடிவம் என்று நினைத்துக்கொண்டு போகிறார். ஜின்கொங்கின் ஸ்தூபியும் அதோடு கிடைத்த கல்பேழையும் 1931லேயே போய்விட்டன. யாங்பியொங் என்ற ஊரிலுள்ள பொரிசா கோயில் தளத்துக் கதை இதைவிட வேடிக்கை. அங்கிருந்த 939ஆம் வருடக் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அந்தத் துறவியுடையது என்று கருதப்படும் ஸ்தூபி சியோலிலேயே இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில். ஊரும் இல்லை, ஜோடியும் இல்லை.

எல்லாவற்றையும் நாளைக்கே லாரியில் ஏற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. உடைந்த பலகையை மலையில் கொண்டுபோய் வைத்தால் கெட்டுப்போகும் என்றால் வைக்க வேண்டாம். அருங்காட்சியகம் என்ற ஒன்றே தேவையில்லை என்று பேசுகிற ஆளும் நானில்லை. போரையும் தாண்டி இந்தக் கற்களில் பலவும் மிஞ்சியதற்கு அங்கே வேலை பார்த்தவர்கள் காரணம். ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக எடுத்து, இது ஏன் இங்கே இருக்கிறது, திரும்பிப் போக முடியுமா, முடியாதென்றால் ஏன் என்று பொதுமக்கள் பார்க்கும்படி பதில் எழுதுங்கள் என்கிறேன். வொன்கொங்கின் ஸ்தூபி விஷயத்தில் 'முடியாது' என்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை, அதனால் அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஆகவே நான் கேட்பது இதுதான். முதலில், வொன்கொங் ஸ்தூபியின் கல் நிலையை முழுக்கச் சோதித்து அந்த அறிக்கையை வெளியிடுங்கள். கொதொன்சாவுக்குத் திரும்ப அனுப்புவது பற்றி, ஜிக்வாங் ஸ்தூபிக்குச் செய்ததைப் போலவே, குழு கூடி முடிவெடுங்கள், முடிவெடுக்கும் தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஊர்க்காரர்களையும் கூப்பிடுங்கள். வெட்டவெளியில் வைக்கலாம் என்று நிபுணர்கள் சொன்னால் பழைய இடத்திலேயே வையுங்கள், வைக்கக் கூடாது என்றால் பக்கத்திலேயே, கல்வெட்டுக்கு நடந்து போகிற தூரத்தில், கூரையுள்ள இடம் கட்டுங்கள். அதுவும் உடனே ஆகாது என்றால் கொஞ்ச காலத்துக்குப் பொப்ச்சொன்சா கூடத்திலாவது வைத்திருங்கள், அங்கிருந்து கொதொன்சா ரொம்ப தூரமில்லை.

நகலைத் தூக்கி எறிய வேண்டாம். நல்ல வேலைப்பாடு, செதுக்கியவர்களின் உழைப்பு. அதைச் சியோலுக்குக் கொண்டுபோய் யொங்சான் தோட்டத்தில் வையுங்கள். பக்கத்தில் அசல் எங்கே இருக்கிறது, எப்படிப் போவது, எந்தப் பேருந்து என்று ஒரு பலகை. படம் எடுக்கிறவர்களுக்கு நகலே போதும், மனசு உள்ளவர்கள் வொன்ஜுவுக்கு வந்துவிடுவார்கள்.

அசல் ஊர் சேரும்வரை, இரண்டு இடத்திலும் உள்ள பலகைகளில் யார் எடுத்துப் போனது, யார் வீட்டில் இருந்தது, எந்த வருடம் எங்கே மாறியது என்று கொரிய மொழியிலும் வெளிநாட்டவருக்குப் புரியும் மொழிகளிலும் முழுசாக எழுதுங்கள். 'இடம் மாற்றப்பட்டது' என்ற இரண்டே சொல்லில் முடித்துவிடாதீர்கள்.

ஊரில் நிற்கும் கல்வெட்டுகளையும் மறந்துவிடாதீர்கள். ஸ்தூபிக்காகச் சண்டை போடும் வேகத்தில் அந்தப் பலகைகளின் எழுத்து தேய்வதை யாரும் கவனிக்காமல் போகக் கூடாது. கொதொன்சா, பொப்ச்சொன்சா இரண்டு கல்வெட்டையும் குறிப்பிட்ட இடைவெளியில் முப்பரிமாணமாகப் பதிவுசெய்து, பாசி, விரிசல், எழுத்தின் ஆழம் எல்லாவற்றையும் முந்தைய பதிவோடு ஒப்பிட்டு வெளியிடுங்கள். ஹுங்பொப்சாவின் ஆமைக்குப் பக்கத்தில், உடைந்த பலகையின் முழு அளவுப் படத்தையாவது நட்டுவையுங்கள், மன்னர் எழுதிய வாசகத்தை அந்த இடத்திலேயே நின்று படிக்கட்டும்.

கடைசியாக, புரொன் வட்டாரத்துக் கோயில் தளங்களை இணைத்து வார இறுதியிலாவது ஒரு பேருந்து விடச் சொல்லி நகர நிர்வாகத்திடம் பேசுங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுப்பதற்கு என்ன காரணம் என்று எழுத்தில் பதில் வேண்டும். நாலு வரி போதாது. என்னுடைய முகவரி கொரியப் படியில் இருக்கிறது. பதிலின் ஒரு பிரதியைக் கொதொன்சா கிராமத்து முதியோர் கூடத்துக்கும் அனுப்பிவையுங்கள், கேட்க வேண்டிய உரிமை என்னைவிட அவர்களுக்குத்தான் அதிகம்.

இப்படிக்கு,
வொன்ஜுவில் வசிக்கும் ஒரு தமிழன்